நாலு மணி பன்னிரண்டு நிமிடம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். சாப்பிடப் போனால் அரை மணி நேரம் போய்விடும். அரை மணி நேரம் என்றால் ஐந்து அலகு. ஒரு மணி நேரத்தைப் பத்துத் துண்டாக வெட்டி, எந்தக் கட்சிக்காரருக்காக எந்த ஆறு நிமிடம் உழைத்தோம் என்று கணினியில் ஏற்றுவதுதான் அங்கே வக்கீல் தொழில். நடுவில் நேரம் கிடைத்தால் சட்டமும் பார்ப்பார்கள்.

கப்பல் வழக்குகளுக்குப் பேர்போன நிறுவனம் அது. தலைமை அலுவலகம் மும்பையில். சென்னைக் கிளை ராயபுரத்தில், துறைமுகச் சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. சன்னல் வழியே பார்த்தால் கன்டெய்னர் லாரிகளின் வரிசை தெரியும். காலையில் எங்கே நின்றதோ அநேகமாக அங்கேயே மாலையிலும் நிற்கும். அந்த டிரைவர்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் பில் போடும் உரிமை இருந்திருந்தால் இந்நேரம் ஆளுக்கொரு பங்களா கட்டியிருப்பார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் எழிலன் சொல்வான்.

கரோலின் அங்கே சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கல்மண்டபத்துப் பக்கம் வீடு. அலுவலகத்துக்கு நடந்தே வருகிற ஒரே வக்கீல் அவள்தான். அதிலும் அவளுக்கு நஷ்டம். மற்றவர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரத்தை ‘ஆவணங்களைப் பரிசீலித்தல்’ என்று ஏற்றிவிடுவார்கள். பத்து நிமிட நடையில், அதுவும் ஆட்டோவுக்கு ஒதுங்கிக்கொண்டு, அவளால் என்ன பரிசீலிக்க முடியும்?

ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். மார்ச் ஐந்தாம் தேதி முடிந்தபோது கரோலின் பெயருக்கு நேராக ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு என்றிருந்தது. இன்னும் அறுநூற்றுப் பத்து மணி நேரம் வேண்டும். மாதம் முடிய இருந்தது இருபத்தாறு நாள். அதாவது அறுநூற்று இருபத்து நாலு மணி நேரம். பதினாலு மணி நேரத்தைத் தூக்கத்துக்கும் குளியலுக்கும் ஒதுக்கிக்கொண்டு மீதியை உழைத்தால் இலக்கை எட்டிவிடலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் அப்ரைசல்.

அவள் சோம்பேறி இல்லை. அவளுடைய குறை வேறு. எடுத்த வேலையை முடித்துவிடுவாள். போன ஜூலையில், எண்ணூரில் நின்ற ஒரு கப்பலில் சரக்கு நனைந்துவிட்டது என்று ஒரு தகராறு வந்தது. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள் என்பதை ஒரே போன் பேச்சில் கண்டுபிடித்து, ஒரே மூட்டையை இருவரும் சேர்ந்து பிரிக்கும்படி செய்தாள். அன்று மாலையே வழக்குக் கட்டு மூடப்பட்டது. கட்சிக்காரர் பூங்கொத்து அனுப்பியிருந்தார். கிளையின் பொறுப்பிலிருந்த பங்குதாரர் லட்சுமணன், பூங்கொத்தை வரவேற்பறையில் வைக்கச் சொன்னார். இரண்டு வருடம் ஓடியிருக்க வேண்டிய வழக்கை எங்கே வைத்து அழுவது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

லட்சுமணன் கத்துகிற ஆள் இல்லை. குரலை உயர்த்தாமல், “உங்க ஹவர்ஸ் கொஞ்சம் பாருங்கம்மா” என்பார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் பேசுகிற தோரணை அது.

அந்த வாரம் மும்பையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆயிரத்து முந்நூறு மணி நேரத்துக்குக் கீழே நிற்பவர்கள் ‘மேம்பாட்டுத் திட்டத்தில்’ சேர்க்கப்படுவார்கள் என்று அதில் இருந்தது. மேம்பாடு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அதில் சேர்ந்த ஒருவர் மேம்பட்டு மேம்பட்டு இப்போது தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

கீழே நின்றது இரண்டே பேர். ஒன்று கரோலின், இன்னொன்று எழிலன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்து, அவளோடு ஒன்றாகச் சட்டக் கல்லூரியில் படித்தவன். அவளைவிட அவனுக்கு இருபது மணி நேரம் கூடுதல். ஆனால் பயம் நாலு மடங்கு. மணலி புதுநகரில் வீட்டுக்கடன் போட்டு வீடு வாங்கியிருந்தான். மனைவி மகிழினிக்கு ஜூனில் பிரசவம்.

இப்படி இருவரும் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் லட்சுமணன் அவர்களைக் கூப்பிட்டு, பவளமணி டக் சர்வீசஸ் கட்டை மேசையில் வைத்தார்.

பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துக்கொண்டு வரும் சிறிய, முரட்டுக் கப்பல்களை அந்தப் பக்கத்தில் எல்லோரும் டக் என்பார்கள். பவளமணி கம்பெனியிடம் அப்படி ஆறு டக் இருந்தன. அதில் ஒன்று, திருவொற்றியூர் குப்பத்துக்காரர்கள் விரித்திருந்த நண்டு வலைகளை இரண்டு நாள் விடியற்காலையில் அறுத்துக்கொண்டு போய்விட்டதாக கெங்கம்மா என்ற படகுக்காரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தாள். டக் அந்தப் பக்கமே போகவில்லை என்பது கம்பெனியின் கட்சி.

லட்சுமணன் அந்த நோட்டீஸைத் தடவிக்கொடுத்தார். வலை அறுந்த இடம் மாநில அரசின் கடலா, மத்திய அரசின் கடலா என்று ஆராய்ந்து எழிலன் ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதற்கே நாற்பது மணி நேரம் பிடிக்கும். எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பது அடுத்த கேள்வி. டக் போன பாதையைப் பார்த்துச் சொல்ல கொச்சியிலிருந்து ஒரு நிபுணர். கடலில் நண்டு வலையின் ஆயுள் எவ்வளவு என்று சொல்ல இன்னொரு நிபுணர். அந்த இரண்டு நிபுணர்களும் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு மூத்த வழக்கறிஞர். கரோலின் நேரில் போய் உண்மை நிலையை அறிய வேண்டும். அவசரமில்லை, மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

“இது உங்க ரெண்டு பேருக்காகவே வந்த கட்டு. பொறுமையா பண்ணுங்க” என்றார்.

எழிலனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும், இந்த ஆளைப் பற்றி இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருந்தினான்.

கரோலின் அடுத்த நாளே கிளம்பிவிட்டாள். மூன்று வாரம் என்று சொன்னால் அது மூன்று வாரம் என்று பொருள்படும் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. கம்பெனியின் மேலாளர் சாலமனுக்கு அன்று மாலையே போன் போட்டாள். அவர் இருபது வருடம் டக் ஓட்டிவிட்டு அலுவலக நாற்காலிக்கு வந்தவர். பாதையைப் பற்றி விளக்க அவரும் கூட வந்தால் நல்லது என்றாள். மறுநாள் காலை சரியாக ஒன்பது மணிக்கு அவருடைய காரில் ஏறினாள்.

குப்பத்தில் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே கருங்கல் கொட்டியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், மஞ்சள் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து கெங்கம்மா வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கை வேலையையும் நிறுத்தவில்லை.

“வக்கீலம்மாவா? எங்க வக்கீல் கோட்டு போட்டுகினு வந்தாரு. நீ இன்னா சும்மா வந்துகீறே?” என்று கேட்டாள்.

வெயிலாக இருக்கிறதே என்றாள் கரோலின். அது கெங்கம்மாவுக்கு நியாயமாகப் பட்டது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

சாலமன் நின்றுகொண்டே தன் போனை எடுத்து, டக் போன பாதையைக் கோடாகக் காட்டும் படத்தை நீட்டினார். கோடு கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, நேராகப் போயிருந்தது. கெங்கம்மா அதைப் பார்க்கவேயில்லை. எழுந்து போய், படகுக்குப் பின்னாலிருந்து ஒரு பொதியை இழுத்துவந்து அவர் காலடியில் போட்டாள். சுருண்டு, கிழிந்து, பாசி காய்ந்து நாறும் வலை. அதில் கட்டைவிரல் பருமனில் ஒரு நீலக் கயிறு சிக்கியிருந்தது.

சாலமன் குனிந்து கயிற்றின் முனையைத் தேடி எடுத்தார். முனையைப் பின்னி வளையமாக்கி, அதன் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சிவப்பு நூல் சுற்றும் வழக்கத்தைத் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்பது கரோலினுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் அவருடைய போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். மூலையில் தேதி இருந்தது. நோட்டீஸில் சொன்ன தேதிகளுக்கு முந்திய வாரத்தின் தேதி.

“சார், இந்தப் படம் யார் குடுத்தது?”

“டக்கு கேப்டன்தான். எண்ணூருக்கு அவசரமா போக கரையோரமா உள்ளால அறுத்துகினு போயிருக்கான்” என்றார் சாலமன். பிறகு கருங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். “இது எங்க கயிறுதாம்மா.”

கொச்சி நிபுணரின் வேலை அத்தோடு முடிந்தது. அவருக்கு அப்படியொரு வேலை இருந்ததே அவருக்குத் தெரியாது.

கரோலின் கெங்கம்மாவிடம் என்னதான் வேண்டும் என்று கேட்டாள். யாரும் அதுவரை அவளிடம் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. கெங்கம்மா முதல்முறையாக நண்டைக் கீழே வைத்தாள்.

“வலை வாங்கிக் குடுங்க. அது பெர்ய விஷயம் இல்ல. அன்னிக்கி விடியக்காலைல என் தம்பி வல்லரசு படகுல கீறான். டார்ச் அடிக்கிறான். அடிச்சுகினே கீறான். உங்காளு ஆரன் அடிச்சுகினு மேல வரான். ரோடா அது, ஒதுங்கி நிக்க? தண்ணில குதிச்சுட்டான். தோள்பட்டை எறங்கிப் போச்சு. இன்னி வரிக்கும் கடலுக்குப் போவல. கூப்ட்டா எழுந்து வூட்டுக்குள்ள போயிட்றான்.”

அவள் கண்ணைத் துடைக்கவில்லை, குரலும் உடையவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கரோலின் பையிலிருந்து நோட்டீஸை எடுத்துப் புரட்டினாள். அந்த நோட்டீஸை அவள் நாலு முறை படித்திருந்தாள். அதில் எத்தனை கிலோ வலை, எத்தனை மிதவை என்றெல்லாம் இருந்தது. வல்லரசு இல்லை. ஏன் இல்லை என்று கேட்டாள்.

“அத்த ரெண்டாவது கேசுக்கு வெச்சிக்கலாம்னு எங்க வக்கீல் சொன்னாரு” என்றாள் கெங்கம்மா.

எதிர்த்தரப்பு வக்கீலும் அப்ரைசல் பயத்தில்தான் இருக்கிறார் போலும் என்று கரோலின் நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததில் சட்டம் கொஞ்சம்தான் இருந்தது. கேப்டனை இங்கேயே வரவழைக்க வேண்டும் என்றாள் கரோலின். சாலமன் தள்ளிப் போய்த் தன் முதலாளியிடம் போனில் பேசினார். பேச்சு நீண்டது, இரண்டு முறை அவர் கையை ஓங்கிக் காற்றில் வெட்டினார். திரும்பி வந்து, சரி என்றார். பதினொன்றரைக்கு டக் கேப்டன் பைக்கில் வந்து இறங்கினான். முப்பது வயதுப் பையன், முகம் வெளுத்திருந்தது. கெங்கம்மா அவனை வல்லரசின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கரோலின் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து முதலில் கெங்கம்மாவின் குரல் கேட்டது. பிறகு வல்லரசின் குரல் மட்டும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது: டார்ச் தெரிந்ததா, தெரியவில்லையா? கடைசியில் கேப்டன், தெரிந்தது என்றான். நீங்களே நகர்ந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன், தப்புதான் என்றான். வெளியே வந்தபோது கேப்டனின் காது சிவந்திருந்தது. அடி விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கரோலினும் கேட்கவில்லை, கேட்டால் எழுத வேண்டிவரும்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையாலேயே சமரச ஒப்பந்தம் இரண்டு படி எழுதினாள். வலை அறுந்த ஐந்து படகுக்கும் புது வலை. வல்லரசின் வைத்தியச் செலவு கம்பெனியுடையது. அவன் கடலுக்குத் திரும்பும் வரை படகு வருமானத்தில் அவன் பங்கும் கம்பெனியுடையது. விடியற்காலை நாலிலிருந்து எட்டு வரை எந்த டக்கும் வலை விரித்த இடத்தைக் காட்டும் கொடிகளுக்கு உள்ளே வராது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கெங்கம்மாவின் முறை வந்தபோது, அவள் வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடலாமே என்று கரோலின் சொல்லிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே போனில், இது வாய்தா வாங்கிச் செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டார் என்றாள் கெங்கம்மா. சொல்லிவிட்டுப் போட்டாள். மணி ஒன்று அடித்துப் பன்னிரண்டு நிமிடம்.

அலுவலகத்துக்கு வந்ததும் கரோலின் கணினியில் 4.2, அதாவது நாலு மணி பன்னிரண்டு நிமிடம், என்று ஏற்றினாள்.

எழிலன் அப்போது கடல் யாருடையது என்ற குறிப்பின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தான். பிரிட்டிஷ் காலத்துத் தீர்ப்பு ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி முகத்தில் இருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“முடிச்சுட்டியா? இன்னாத்த முடிச்சே?”

“கேஸை.”

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். “கரோலு, உனுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்? உன் கல்யாணத்துக்கு ஃபேன் வாங்கிக் குடுத்தேன். அதுல இன்னா கொறை?”

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் நிறுத்திக்கொண்டாள். லட்சுமணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, துக்க வீட்டில் பேசும் குரலில் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் அவள் அப்பா ஜேக்கப்பிடம் இதைச் சொன்னாள். அவர் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் முடித்தவனுக்கு இன்சென்டிவ். நாலு மணி நேரத்தில் முடித்ததற்கு உனக்கு எவ்வளவு இன்சென்டிவ் கொடுப்பார்கள் என்று கேட்டார். சாவியோ என்கிற அவள் கணவன், மாமாவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான். படித்தவர்கள் நடத்துகிற கம்பெனியில் மெதுவாகச் செய்கிறவனுக்குத்தான் மரியாதை என்பதை ஜேக்கப் கடைசிவரை நம்பவில்லை. மகள் எதையோ சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று முடிவுகட்டிவிட்டு, மேலிடத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டுக் கேட்கச் சொன்னார்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி, வருடக் கணக்கை உறுதி செய்யச் சொல்லிக் கணினி அவளைக் கேட்டது. பவளமணி கட்டுக்கு நேராக அவள் பெயரில் 58.4 மணி நேரம் என்றிருந்தது. எழிலனுக்கு 41. கீழே இனவாரியாக வேலைகள்: ‘கடலோரச் சமூகப் பின்னணி ஆய்வு’, ‘சமரச உத்தி வகுத்தல்’, ‘கயிற்றின் தன்மை குறித்த பரிசீலனை’. கயிற்றுக்கு மட்டும் ஆறு மணி நேரம்.

அவள் நேராக லட்சுமணன் அறைக்குப் போனாள். அவர் மறைக்கவில்லை.

“ரெண்டு வருஷ வழக்கை அவங்களுக்கு மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கீங்க. அது நாலு மணி நேரத்துக்குத்தான் பெறுமாம்மா? நான் மதிப்பைத்தான் ஏத்தியிருக்கேன். நம்மகிட்ட மதிப்பைச் சொல்ல வேற கட்டம் இல்லை.”

அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அதில் பாதி உண்மையாக இருந்ததுதான் சங்கடம். திரும்பி வந்தால் அவள் மேசைக்கருகே எழிலன் நின்றிருந்தான். அவன் கெஞ்சவில்லை. மகிழினிக்கு டாக்டர் முழு ஓய்வு சொல்லிவிட்டதாகவும், அவள் வேலையை விட்டுவிட்டதாகவும் மட்டும் சொன்னான். கரோலின் 58.4-ஐ உறுதி செய்யாவிட்டால், நாலு மணி நேரத்தில் முடிந்த கட்டில் அவனுடைய நாற்பத்தொன்றும் நிற்காது.

கரோலின் ‘உறுதி செய்கிறேன்’ என்பதை அழுத்தினாள். ஏதாவது சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கணினி நன்றி சொன்னது.

இருவரும் ஆயிரத்து முந்நூறைச் சில மணி நேர வித்தியாசத்தில் தாண்டினார்கள். ஏப்ரல் மூன்றாம் தேதி அப்ரைசலில், கரோலின் நேர மேலாண்மையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டியிருப்பதாக மும்பை பாராட்டியது. ஆறு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. எழிலன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். அவள் தன் தட்டை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். லெக் பீஸை அவனே எடுத்துக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து சாலமன் போன் செய்தார். பில் வந்திருப்பதாகச் சொன்னார். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்.

“மேடம், காலைல ஒன்பது மணிக்கு உங்கள ஏத்தினதும் நான்தான், ஆபீஸ்ல எறக்கிவிட்டதும் நான்தான். நடுவுல அம்பத்தெட்டு மணி நேரம் எங்க போச்சு? நான் எங்கனா தூங்கிட்டனா?”

எதிரே எழிலன் உட்கார்ந்திருந்தான். போனில் யார் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளையே பார்த்தான். ‘பின்னணி ஆய்வு’ என்று ஆரம்பித்தால் சொல்லிக்கொண்டே போகலாம்; அவளுக்கு அந்த வாக்கியங்கள் எல்லாம் தெரியும். ஆனால் டார்ச் தெரிந்தது என்று ஒத்துக்கொள்ளும்படி அந்தக் கேப்டன் பையனை வெயிலில் வரவழைத்தவளும் அவள்தான். அது நினைவுக்கு வந்தபிறகு அந்த வாக்கியங்கள் வாயில் வரவில்லை.

“இல்ல சார். நாலு மணி பன்னிரண்டு நிமிஷம்தான். மீதி நடக்கலை. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

சாலமன், சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தார். ‘மேடம்’ எங்கே போனதோ தெரியவில்லை.

பில் திரும்பி வந்தது. லட்சுமணன் கம்பெனிக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். கணினியில் நேர்ந்த பிழை என்று குறிப்பிட்டார். அந்த அலுவலகத்தில் பொறுப்பை ஏற்க மறுக்காத ஒரே ஆள் கணினிதான். இருவருடைய மணி நேரங்களும் குறைக்கப்பட்டன. பாராட்டுக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. கரோலின், எழிலன் இருவரும் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

எழிலன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பும்போது அவள் வந்தால், பாதி பாட்டிலோடு நகர்ந்துவிடுவான். அது ஏழு வாரம் நீடித்தது. தான் செய்தது சரி என்பதில் கரோலினுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கான விலையில் பாதியை அவனிடம் கேட்காமலே அவன் தலையில் கட்டியதும் தான்தான் என்று நினைக்கும்போது அந்தச் சரி அவ்வளவு சுகமாக இல்லை.

மே கடைசியில் சாலமனின் முதலாளி அலுவலகத்துக்கு வந்தார். கம்பெனியை வேறு வக்கீலிடம் கொண்டுபோகப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கம்பெனியின் எல்லாத் தகராறுகளையும் இங்கேயே கொடுப்பதாகச் சொன்னார். இரண்டு நிபந்தனை: மணிக்கணக்கு இல்லாமல் ஒரு தகராறுக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும்; நாலு மணி நேரம் என்று சொன்ன பெண்ணுக்குத்தான் கட்டுப் போக வேண்டும். லட்சுமணன் மும்பையைக் கேட்டார். மும்பை சந்தோஷமாக ஒத்துக்கொண்டது.

ஒரு சின்னச் சிக்கல்தான். மணிக்கணக்கு இல்லாத வேலையை ஏற்ற கணினியில் இடமில்லை. நேரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால்தான் அது அடுத்த பக்கத்துக்கே போகும். ஆகவே அந்த வருடம் கிளைக்கு வந்த கட்டுகளில் பாதியைக் கரோலின் கொண்டுவந்தாள், முடித்தாள், ஒவ்வொன்றுக்கும் நேராகப் பூஜ்யம் போட்டாள். செப்டம்பரில் பதினேழு தகராறு முடிந்திருந்தது. கரோலினின் நேரம் வரலாறு காணாத அளவுக்கு இறங்கியிருந்தது.

எழிலனுக்கு ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில், வாங்கிவந்த குழந்தைத் துணிகளைப் பையோடு கொடுத்துவிட்டு அவள் கிளம்பப் பார்த்தாள். அவன், “உள்ள வந்து பாத்துட்டுப் போ. செங்கொடின்னு பேர் வெச்சிக்கிறோம்” என்றான். அவ்வளவுதான் சமாதானம். பிறகு பவளமணி கட்டுகளில் நாலைந்தை அவனும் எடுத்துக்கொண்டான். கரைக்குப் போய் ஆட்களிடம் பேசுவதில் அவன் அவளைவிடக் கெட்டிக்காரனாக இருந்தான். அவனுடைய நேரமும் இறங்கத் தொடங்கியது.

செப்டம்பர் கடைசியில் மேம்பாட்டுத் திட்டத்தின் அரையாண்டுக் கூட்டம். இருவரையும் எதிரே உட்காரவைத்து, மும்பை அனுப்பியிருந்த படிவத்தைப் பிரித்தார் லட்சுமணன். கட்சிக்காரர் திருப்தி: மிகச் சிறப்பு. புதிய வேலை கொண்டுவருதல்: மிகச் சிறப்பு. நேரம்: கவலைக்கிடம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் கரோலினுக்குத் தோன்றியது. அவருக்கும் மேலே யாரோ ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நேரத்தை உயர்த்த நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவளைக் கேட்டார். ஏதாவது எழுதியாக வேண்டும், வெறுமையாக விட்டால் படிவம் போகாது என்றார்.

கரோலின் படிவத்தை எட்டிப் பார்த்தாள்.

“இனிமே கொஞ்சம் மெதுவா புரிஞ்சுக்கறேன் சார்.”

எழிலனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவன் குனிந்து ஷூ லேஸைத் தேடினான்.

லட்சுமணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே, பேனாவின் மூடியைத் திறந்து, ‘செயல்திட்டம்’ என்ற கட்டத்துக்குள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.